கடற்காற்றில் பழைய டயானா: ஏர்கன்னைப் பிரித்து மாட்டும்போது கைக்குத் தெரிவது

பரணிலிருந்து இறக்கிய பழைய ஏர்கன்னைக் கொண்டுவருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "பவர் போயிடுச்சு, ஸ்ப்ரிங் மாத்திக் குடுங்க." புதுச்சேரி, கடலூர் பக்கத்தில் இந்த வேலையில் கை வைத்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஸ்ப்ரிங் கடைசியாகப் பார்க்க வேண்டியது. முதலில் கெட்டுப்போவது பிஸ்டன் முனையில் காற்றை அடைக்கும் வாஷர், அடுத்து பேரல் மூட்டு, அடுத்து கட்டையின், அதாவது தோளில் அணைக்கும் மரப்பாகத்தின், ஸ்க்ரூ. இந்த மூன்றையும் விட்டுவிட்டுத் தடித்த ஸ்ப்ரிங்கைப் போட்டால் சத்தம் கூடும், குறி கெடும். அவ்வளவுதான் மிச்சம்.

இங்கே எழுதுவது பேரலை மடித்து ஏற்றும் ஸ்ப்ரிங் ஏர்கன்களைப் பற்றி. மடிக்கும்போது ஸ்ப்ரிங் அழுந்தும்; ட்ரிகரை இழுத்தால் அது பிஸ்டனைத் தள்ளி, அழுந்திய காற்று பெல்லட்டை வெளியே அனுப்பும். டயானா 27, 35, பி.எஸ்.ஏ. மீட்டியர் போன்றவை. காற்றை முன்பே அடைத்துவைக்கும் பி.சி.பி., கார்பன் டை ஆக்ஸைடு வகைகளின் கணக்கு வேறு.

கையில் இருப்பது என்ன என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஜெர்மன் டயானாவில் சிலிண்டரின் பின்புறம் இடப்பக்கத்தில் சின்னதாக மாதமும் வருடமும் குத்தியிருக்கும். "10 74" என்றால் 1974 அக்டோபர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டயானா தொழிற்சாலையின் இயந்திரங்கள் பிரிட்டனுக்குப் போய், ஸ்காட்லாந்தில் மில்ப்ரோ கம்பெனி அதே டயானா பெயரில் துப்பாக்கி செய்தது. ஜெர்மன்காரர்கள் அப்போது பிரிட்டனில் "ஒரிஜினல்" என்ற பெயரில் விற்க வேண்டியிருந்தது. ஆகவே "டயானா 27" என்று பொறித்திருப்பதை மட்டும் பார்த்து வாஷரோ ட்ரிகர் பாகமோ வரவழைத்தால் பொருந்தாமல் போக வாய்ப்பு உண்டு. வெர்னியரால் அளந்த அளவைச் சொல்லி வாங்குங்கள், மாடல் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள்.

அடுத்தது பேரலின் விட்டம். பழைய இறக்குமதிகளில் 4.5 மி.மீ.யும் உண்டு, 5.5 மி.மீ.யும் உண்டு. 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. விட்டத்துக்கும் 20 ஜூல் சக்திக்கும் மேற்படாத ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டாம், 5.5 என்றால் வேண்டும். தாத்தா காலத்துப் பொருள் என்பது சட்டத்துக்குப் பதில் ஆகாது. காகிதம் இல்லாத 5.5-ஐப் பட்டறை மேசையிலேயே வைக்கக் கூடாது. 20 ஜூல் என்றால் எவ்வளவு? 0.53 கிராம் பெல்லட் விநாடிக்கு 200 மீட்டரில் போனால் 10.6 ஜூல். அதே பெல்லட் 275 மீட்டரைத் தொட்டால் 20-ஐத் தாண்டிவிடும். நல்ல நிலையில் உள்ள டயானா 27-க்கோ 35-க்கோ அந்தப் பக்கமே வேலை இல்லை. பத்து மீட்டரில் காகிதம் துளைக்க 8 ஜூலே தாராளம். ஊசுட்டேரிப் பக்கம் கொக்கு, மடையான் அடிக்கத்தான் என்று யாராவது சொன்னால் வேலையை எடுக்காமல் அனுப்பிவிடுங்கள்; 1972 வனவிலங்குச் சட்டத்தில் அது குற்றம்.

பிரிப்பதற்கு முன்னால் மூன்று சோதனை, பத்து நிமிடம். டிஷ்யூ காகிதத்தை விரல் அகலத்துக்குக் கிழித்துப் பேரல் மூட்டின் மேல் போட்டு, பெல்லட் ஏற்றிச் சுடுங்கள். காகிதம் துள்ளினால் மூட்டு வாஷரில் காற்று கசிகிறது. இரண்டாவது, பேரலைப் பாதி மடித்துக் கையை விடுங்கள். விட்ட இடத்திலேயே நிற்க வேண்டும். தானாகத் தொங்கினாலோ, இடம் வலமாக ஆட்டினால் "டிக் டிக்" என்றாலோ மூட்டு போல்ட்டும் அதன் பக்கவாட்டு வாஷர்களும் தேய்ந்திருக்கின்றன. இந்த ஆட்டம் இருக்கும்வரை எந்த ஸ்கோப்பும் உதவாது, ஒவ்வொரு தடவையும் பேரல் வேறு இடத்தில் போய் உட்காரும். மூன்றாவது, சுட்டவுடன் பேரலை மடித்து மூக்கருகே வைத்துப் பாருங்கள். எரிந்த எண்ணெய் நாற்றமும் புகையும் வந்தால் யாரோ உள்ளே எண்ணெய் விட்டிருக்கிறார்கள்.

அந்த யாரோ பெரும்பாலும் வீட்டுக்காரரேதான். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், டபிள்யூ.டி.-40, எது கைக்குக் கிடைத்ததோ அது. பிஸ்டன் முன்னால் பாயும்போது காற்று அழுந்திச் சூடேறுகிறது, எண்ணெய் ஆவி அதில் டீசல் என்ஜின் மாதிரி பற்றிக்கொள்கிறது. டப்பென்று வெடிச்சத்தம் வரும், பெல்லட் வேகமாகவும் போகும், "பாருங்க, பவர் வந்துடுச்சு" என்று சந்தோஷப்படுவார்கள். ஸ்ப்ரிங் உடைவதும் வாஷர் கருகுவதும் அதற்குப் பிறகு. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பழைய தோல் வாஷருக்கு எண்ணெய் தேவை, காய்ந்தால் சுருங்கிவிடும்; 500 சுடுதலுக்கு ஒரு தடவை இரண்டு சொட்டு நீட்ஸ்ஃபுட் ஆயில் (மாட்டுக் கால் எண்ணெய்) போதும். பிளாஸ்டிக் வாஷருக்கு முன்பக்கம் ஒரு சொட்டும் வேண்டாம். உள்ளே இருப்பது எது என்று தெரியாமல் எண்ணெய் விடுவதுதான் தப்பு.

பிரிக்கும்போது ஆபத்து ஒரே இடத்தில்தான். ஸ்ப்ரிங் ஏற்றாத நிலையிலும் சில அங்குலம் அழுந்தியே உட்கார்ந்திருக்கிறது. ட்ரிகர் பிளாக்கின் குறுக்கு ஊசிகளை வெறுமனே தட்டி எடுத்தால் பிளாக் முகத்துக்கு நேராக வரும். தச்சர் வைத்திருக்கும் நீள பார் கிளாம்ப்பும் ஒரு பலகையும் போதும். பலகையில் பேரலை மடித்த நிலையில் வைத்து, சிலிண்டரின் முன்பக்கத்தைக் கட்டை கொடுத்துத் தடுத்து, கிளாம்ப்பின் தாடையில் ஒரு மரத்துண்டு வைத்து ட்ரிகர் பிளாக்கை ஒரு மி.மீ. உள்ளே தள்ளுங்கள். ஊசி விரலால் ஆடும் நிலைக்கு வரும். அப்போது பித்தளைப் பஞ்ச் (ஊசியைத் தள்ளும் கம்பி) வைத்துத் தட்டுங்கள். இரும்புப் பஞ்ச் என்றால் துளையின் வாய் மழுங்கும். பிறகு கிளாம்ப்பைத் திருகித் திருகி மெதுவாகத் தளர்த்துங்கள், பக்கவாட்டில் நின்றுகொண்டு.

டயானா 27, 35 ட்ரிகரில் கொக்கி கிடையாது. மூன்று எஃகுக் குண்டுகள் உள் குழாயின் மூன்று துளைகளில் உட்கார்ந்து பிஸ்டன் தண்டின் கழுத்தைப் பிடித்துக்கொள்கின்றன. வெளிக் குழாய் நகர்ந்தால் குண்டுகள் வெளியே ஒதுங்கி, பிஸ்டன் விடுபடுகிறது. அழகான ஏற்பாடு. ஐம்பது வருடத்துக்குப் பிறகும் கண்ணாடி உடைவது போலச் சுத்தமாக விடும். ஆனால் பிரிக்கும்போது மூன்று குண்டும் உருளும். சிமென்ட் தரையில் விழுந்தது அலமாரி அடியில்தான் போகும். வீட்டில் இருக்கும் பெரிய தாம்பாளத்தின் மேல் வைத்துப் பிரியுங்கள். திரும்பப் பூட்டும்போது துளைகளில் கிரீஸ் தடவிக் குண்டுகளை ஒட்டவைத்து, வெளிக் குழாயைப் போட்டு, துப்பாக்கிக்குள் வைப்பதற்கு முன் பிஸ்டன் தண்டைக் கையாலேயே அழுத்திப் பாருங்கள். "க்ளிக்" என்று பிடிக்க வேண்டும். அந்தச் சத்தம் கேட்காமல் ஸ்ப்ரிங்கோடு பூட்டினால் முழுவதையும் மறுபடி பிரிக்க நேரிடும்.

ட்ரிகரை இலகுவாக்கச் சொல்லி எல்லோரும் கேட்பார்கள். குண்டுகளையோ தண்டின் கழுத்தையோ எமரி போடக் கூடாது. பழைய கிரீஸ் கோந்து மாதிரி இறுகியிருப்பதுதான் கனத்துக்குக் காரணம். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, புது மெல்லிய கிரீஸ் போட்டால் பாதி கனம் போய்விடும். மீதியை அட்ஜஸ்ட் ஸ்க்ரூவில் கால் சுற்று கால் சுற்றாக. பிறகு சோதனை: ஏற்றிய துப்பாக்கியின் பேரலை மடித்தபடியே ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, கட்டையின் அடிப்பாகத்தை ரப்பர் சுத்தியால் நாலு தட்டு தட்டுங்கள். விட்டுக்கொடுத்தால் ஸ்க்ரூவைப் பின்வாங்குங்கள். பெல்லட் போடும்போதும் பேரலை விடக் கூடாது. பழைய மாடல்கள் பெரும்பாலானவற்றில் மடித்த நிலையில் ட்ரிகரைத் தடுக்கும் ஏற்பாடு இல்லை. பேரல் பாய்ந்து மூடினால் விரல் போகும், பேரலும் வளையும்.

இப்போது வாஷர். அளவுக்கு ஏற்ற புது வாஷர் கிடைக்காவிட்டால் தோலில் செய்துகொள்ளலாம். அதில் நம் ஊருக்கு ஒரு வசதி உண்டு. குரோம் தோல் வடிவத்தில் நிற்காது. பட்டையில் பதனிட்ட தோல்தான் வேண்டும். ஒருகாலத்தில் ஆவாரம்பட்டையில் பதனிட்டு ஏற்றுமதியான, வியாபாரத்தில் "ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல்" என்று சொல்கிற சரக்கு இதற்கென்றே செய்தது போல இருக்கும். 3 மி.மீ. தடிமன். சிலிண்டரின் உள்விட்டம் 25 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். லேத்தில் 25 மி.மீ. துளையுள்ள ஒரு வளையமும், 19 மி.மீ. உருளையும் கடைந்துகொள்ளுங்கள், 25-லிருந்து இரண்டு பக்கத் தோலின் 6 மி.மீ.யைக் கழித்தது 19. புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் எந்த லேத் பட்டறையிலும் அரை மணி நேர வேலை. 45 மி.மீ. வட்டமாக வெட்டிய தோலை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, வளையத்தின் மேல் வைத்து, உருளையை வைஸில் கொடுத்து மெதுவாக அழுத்தினால் கிண்ணம் மாதிரி இறங்கும். அப்படியே இரண்டு நாள் நிழலில் காய வேண்டும். வெயிலில் வைத்தால் விளிம்பு வெடிக்கும். காய்ந்ததும் விளிம்பைப் பிளேடால் சமமாக அரிந்து, நடுத்துளை போட்டு, ஒரு ராத்திரி எண்ணெயில் ஊறவிட்டு, மறுநாள் துணியில் வைத்துப் பிழிந்துவிடுங்கள். ஊறிய எண்ணெயோடு அப்படியே போட்டால் முதல் இருபது சுடுதலும் புகைதான்.

புது வாஷரைக் கெடுப்பது சிலிண்டரின் நீள வாய்தான், ஏற்றும் கம்பி ஓடுகிற அந்தப் பள்ளம். அதன் ஓரங்கள் கத்தி மாதிரி இருக்கும். ஊசி அரத்தால் ஓரத்தை மழுக்கி, 600 எமரியால் தேய்த்து, துகள் ஒன்றும் இல்லாமல் துடைத்த பிறகே பிஸ்டனை உள்ளே விட வேண்டும். அப்போதும் பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் ஒரு பட்டை வெட்டி உட்பக்கமாக அந்தப் பள்ளத்தை மூடி, வாஷர் தாண்டிய பிறகு ஃபிலிமை உருவிவிடுங்கள். பத்து ரூபாய் செலவில்லாத இந்த வேலையைச் செய்யாமல், வெளிநாட்டிலிருந்து வரவழைத்த வாஷரை முதல் நாளே சீவிவிட்டவர்கள் உண்டு.

மூட்டு வாஷர் சுலபம். ஹைட்ராலிக் சாமான் கடையில் நைட்ரைல் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) கிடைக்கும். பள்ளத்தின் விட்டத்தையும் ஆழத்தையும் அளந்துகொண்டு போங்கள். உட்கார்ந்த பிறகு பேரல் முகத்தைவிட ஒரு விசிட்டிங் கார்டு தடிமன் அளவுக்கு மட்டும் வெளியே தெரிய வேண்டும். தாழ்வாக இருந்தால் அடியில் காகித வளையம். உயர்ந்து நின்றால் பேரல் முழுவதும் மூடாது, பார்க்க மூடியது போலத் தெரியும், குறி கீழே கீழே போகும்.

ஸ்ப்ரிங்குக்கு இப்போது வரலாம். வெளியே எடுத்து மேசை மேல் உருட்டுங்கள். நெளிந்து உருண்டால் மாற்ற வேண்டியதுதான். நேராக உருண்டால், இரு முனைகளையும் 400, பிறகு 600 எமரியில் தட்டையாகத் தேய்த்து மறுபடி போடலாம். புதிது வாங்கும்போது கணக்குப் போடுங்கள்: கம்பித் தடிமன் 3.2 மி.மீ., 33 சுற்று என்றால், முழுக்க அழுந்தியபோது 105.6 மி.மீ. ஏற்றிய நிலையில் அதற்குள்ள இடம் 108 என்றால் சரி. "கொஞ்சம் நீளமா இருக்கட்டும்" என்று 36 சுற்று போட்டால் 115 ஆகிவிடும், துப்பாக்கி ஏறவே ஏறாது. பலம் கொண்டு அழுத்தினால் ஏற்றும் கம்பி வளையும். சுடும்போது "டொய்ங்" என்று அதிர்வது ஸ்ப்ரிங் லூசாக ஆடுவதால். பிஸ்டனுக்குள் ஸ்ப்ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் சுருட்டிச் செருகினால் பாதிக்கு மேல் அடங்கும். கிரீஸ் என்றால், மாலிப்டினம் பேஸ்ட்டை விரல் நுனியில் தொட்டு பிஸ்டனின் பக்கவாட்டில் பூசுவது. லாரி சேஸிஸ் கிரீஸை அள்ளி அப்பினால் மே மாத வெயிலில் அது இளகி முன்னால் நகர்ந்து மறுபடி டீசல் கதைதான்.

பேரலை உள்ளே சுத்தம் செய்ய இரும்புக் கம்பி வேண்டாம். கடலூர் துறைமுகத்தில் மீன்வலைக் கடையில் தடித்த தங்கூசி (நைலான் இழை) கிடைக்கும். இரட்டையாக மடித்து, கண்ணியில் பருத்தித் துணித் துண்டைக் கோத்து, பெல்லட் போடும் பக்கத்திலிருந்து முன்வாய்க்கு இழுங்கள். ஈயக் கறை வரும்; துணி சாம்பல் நிறத்துக்கு வந்ததும் நிறுத்திவிடலாம்.

கட்டை பீச் மரம். நம் ஊர் ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும், அதனால் ஸ்க்ரூ தளரும். ஐம்பது சுடுதலுக்கு ஒரு தடவை முன்கட்டையின் இரண்டு ஸ்க்ரூவையும் ட்ரிகர் கார்டு ஸ்க்ரூவையும் பார்க்க வேண்டும். துப்பாக்கி திடீரென்று அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சுட்டால் முதலில் ஸ்க்ரூடிரைவரை எடுங்கள், பெல்லட்டைக் குறை சொல்லாதீர்கள். நிரந்தரத் தீர்வு, ஸ்க்ரூத் தலை உட்காரும் இடத்தில் மரம் நசுங்காமல் இருக்க, பித்தளை வளையம் கடைந்து அரால்டைட்டில் ஒட்டி, ஸ்க்ரூ மரையில் லாக்டைட் 243 (மரை தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு. சிவப்பு லாக்டைட் போட்டால் அடுத்த தடவை சூடு காட்டித்தான் கழற்ற வேண்டும்.

பள்ளம் விழுந்த இடத்தில் ஈரத்துணி வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் மரம் எழும்பும். 240, 320 எமரி, பிறகு டபுள் பாய்ல்டு லின்சீட் ஆயில் மெல்லிசாக ஐந்தாறு கை. ஒவ்வொரு கைக்கும் நடுவே ஒரு நாள், ஐப்பசி கார்த்திகை மழையில் நாலு நாள்கூட ஆகும். அந்த மாதங்களில் ஆரம்பிக்காமல் இருப்பது உத்தமம். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். லின்சீட் காயும்போது சூடு விடும், சுருட்டிய துணி தானே தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட்டோ தண்ணீரில் முக்கியோ போடுங்கள்.

இரும்பின் கருநீலப் பூச்சுக்குக் கடையில் விற்கும் கோல்டு ப்ளூ பேஸ்ட் கடற்கரையில் ஒரு மழைக்காலம் தாங்காது. மெதுவாகத் துரு ஏற்றிக் கருக்கும் பழைய முறைதான் நிற்கிறது. துருவுக்கு எதிரியாகத் திட்டுகிற நம் ஈரக்காற்று இந்த ஒரு வேலைக்கு மட்டும் கூட்டாளி. பேரலின் இரு வாயிலும் மர அடைப்பு தட்டி, எண்ணெய்ப் பசை போக அசிட்டோனால் துடைத்து, அதற்குப் பிறகு கைபடாமல், துரு ஏற்றும் கரைசலைப் பஞ்சால் ஒரே இழுப்பில் பூசித் தொங்கவிடுங்கள். சில மணி நேரத்தில் செம்பொடி படியும். அதைக் கொதிக்கும் நீரில் கால் மணி நேரம் வைத்தால் சிவப்புத் துரு கறுப்பு ஆக்ஸைடாக மாறும். எண்ணெயில்லாத மிக நைஸ் ஸ்டீல் வுல்லால் பொடியைத் துடைத்து, மறுபடி பூச்சு, மறுபடி கொதி. ஐந்தாறு சுற்று வேண்டும். கொதிக்கவைக்கும் தண்ணீர்தான் முக்கியம். கடலோர போர்வெல் தண்ணீரில் உப்பு. வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் கேன் வாங்கிக்கொள்ளுங்கள். சிலிண்டரை இதில் முக்கக் கூடாது, உட்புறம் துருப்பிடித்தால் செய்த வாஷர் எல்லாம் வீண். வெளியே மட்டும் எண்ணெய் போட்டு விட்டுவிடலாம்.

ஸ்கோப் மாட்டுவதுதான் "மாடர்ன்" என்று பலருக்கு. ஸ்ப்ரிங் ஏர்கன் முதலில் பின்னால் உதைத்து, பிஸ்டன் முன்சுவரில் முட்டும்போது உடனே முன்னால் குலுங்கும். பெரிய ரைபிளின் உதையைத் தாங்கும் ஸ்கோப் இந்த இரட்டை உதையில் கண்ணாடி கழன்று செத்துப்போகும். ஏர்கன்னுக்கென்று சொல்லி விற்பதை, 10 மீட்டருக்கு ஃபோகஸ் திருப்பக்கூடியதாகப் பார்த்து வாங்க வேண்டும். 100 கஜத்துக்குப் பாரலாக்ஸ் (தெளிவாகத் தெரியும் தூரம்) வைத்த ஸ்கோப்பில் பத்து மீட்டர் மங்கலாகத்தான் தெரியும். மவுண்ட் பின்னோக்கி ஊர்ந்துகொண்டே வரும், அதனால் பின்பக்கம் தடுப்பு ஊசி அவசியம். ரெயில் அகலத்தை அளந்து வாங்குங்கள்: வழக்கம் 11 மி.மீ., பழைய பி.எஸ்.ஏ.வில் அதைவிட அகலம். மடக்குப் பேரல் கொஞ்சம் தலை தாழ்ந்தே நிற்கும், டயானாவில் இது தெரிந்த குணம். ஸ்கோப்பின் திருகு எல்லைக்குப் போயும் குறி கீழேயே இருந்தால் பின் மவுண்டில் ஃபிலிம் துண்டு வைத்து உயர்த்தலாம், பேரலை வளைக்க வேண்டாம்.

பத்து மீட்டர் காகிதம் மட்டும்தான் என்றால் ஸ்கோப்பே தேவையில்லை. ரெயிலில் ஒரு டயாப்டர் (சிறு துளை வழியே பார்க்கும் பின்குறி), முன்னால் வளைய மூக்கு (வளைய வடிவ முன்குறி). போட்டிக் காகிதத்தில் கறுப்பும் வெள்ளையும் சேர்த்து மொத்த வட்டம் 45.5 மி.மீ., நடுவே பத்துக்கான புள்ளி அரை மி.மீ. மடக்குப் பேரல் அந்தப் புள்ளியை அடிக்கப் பிறந்ததல்ல, ஆனால் பத்து பெல்லட்டையும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் போட்டால் வேலை சரியாக நடந்திருக்கிறது என்று அர்த்தம். பிடியை இறுக்காதீர்கள். முன்னால் தாங்கும் கையின் மேல் கட்டையை வெறுமனே கிடத்தி, ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் கிடத்தினால், உதையும் ஒரே மாதிரி வரும்.

மாட்டிய பிறகு முதல் 200 பெல்லட் வாஷர் உட்காருவதற்கு. க்ரோனோகிராப் (பெல்லட் வேகத்தை அளக்கும் கருவி) இருந்தால் பத்து சுடுதலில் வேக வித்தியாசம் விநாடிக்கு 5 மீட்டருக்குள் வந்தால் போதும். இல்லாதவர்கள் பிரிப்பதற்கு முன் ஐந்து மீட்டரிலிருந்து துணி சோப்புக் கட்டியில் சுட்டு ஆழத்தைக் குறித்துவைத்து, பிறகு அதே சோப்பில் ஒப்பிடலாம். பின்னால் மணல் நிரம்பிய சாக்கும், கண்ணுக்குக் கண்ணாடியும், சுவருள்ள இடமும் வேண்டும்; சுவரில்லாத மொட்டை மாடி கூடாது. பெல்லட் போடாமல் வெறுமனே சுடக் கூடாது. பிஸ்டனுக்கு மெத்தையாக நிற்கும் காற்று பேரல் வழியே ஓடிவிடும், இரும்பு இரும்பில் முட்டும்.

சுட்டு முடித்ததும் கை ரேகை படாமல் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. ரெக்ஸின் உறையில் போட்டு வைக்காதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கும். மழைக்காலத்தில் அலமாரிக்குள் ஒரு பழைய குண்டு பல்பை எரியவிடுவது இங்கே வெகுகாலப் பழக்கம், எல்.இ.டி. போட்டுவிட்டு ஏன் துருப்பிடித்தது என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், அது சூடு தராது. குண்டு பல்பு கிடைக்காவிட்டால் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலு, மாதம் ஒரு தடவை இரும்பு வாணலியில் வறுத்து ஈரம் போக்கித் திரும்ப வைக்கலாம்.